ரோட்டரி கூட்டத்தில் கேட்டதும், நான் தீர்க்காத ஒரு பாக்கியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசித்தால் போதும். ஆனால் 1992-93-இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் மட்டும் கடைசிவரை வாசித்துவிடுங்கள். உங்களிடம் ஒரு காரியம் கேட்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நான் அதில் உறுப்பினர் இல்லை. நண்பர் ஒருவர் போன் பண்ணி, "அண்ணாச்சி, வீட்ல சும்மாதான இருக்கிய. ஏர்போர்ஸ்ல இருந்தவரு ஒருத்தர் பேசுதாரு. உங்களுக்குத்தான் வரலாறுன்னா பிடிக்குமே. ராத்திரி சாப்பாடும் அங்கயே" என்றார். சாப்பாடு என்றதும் வீட்டம்மா, "இனிப்பைத் தொடக் கூடாது, சுகர் மாத்திரையைச் சட்டைப்பையில வச்சுக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பி வைத்தாள்.

தலைவர் மணி அடித்துக் கூட்டத்தைத் தொடங்கினார். முப்பத்தைந்து வருஷம் மணிச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தவன் நான். என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த டாக்டர் சிரித்துவிட்டார். டாக்டர்கள், ஜவுளிக்கடை முதலாளிகள், வக்கீல்கள், இரண்டு மூன்று தலைமை ஆசிரியர்கள் என்று ஒரு நாற்பது பேர் இருப்போம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்களைப் பற்றிய பேச்சு.

பேச வந்தவர் எழுபதைத் தாண்டியவர். நம்ம பக்கத்துக்காரர்தான். விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்து, தாம்பரத்தில் பயிற்சி முடித்து, கேன்பரா என்ற குண்டுவீச்சு விமானங்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவர். எடுத்த எடுப்பிலேயே, "நான் பறந்தவன் இல்ல. பறக்கிறவங்களை ஏத்தி அனுப்பிட்டு, திரும்பி வர்ற வரைக்கும் ஓடுதளத்தைப் பாத்துக்கிட்டு நின்னவன்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"திருநெல்வேலிக்காரங்களுக்கு அந்த யுத்தம் எங்கேயோ நடந்த மாதிரி ஒரு நினைப்பு" என்று ஆரம்பித்தார். "மதுரைக்குப் போகும்போது கயத்தாறைத் தாண்டித்தானே போறீங்க? கட்டபொம்மனைத் தூக்குல போட்ட ஊர்னு எல்லாருக்கும் தெரியும். அதே ஊர்ல, காற்றாலைகளுக்குப் பக்கத்துல, அந்த யுத்தத்துக்காகப் போட்ட விமான ஓடுதளம் இன்னும் கிடக்கு. எத்தனை பேர் பார்த்திருக்கீங்க?" கை தூக்கியவர்கள் நாலைந்து பேர்தான். நானும் தூக்கவில்லை.

அடுத்து அவர் சொன்னது லிபரேட்டர் விமானக் கதை. நான்கு எஞ்சின் கொண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். யுத்தம் முடிந்ததும், இவை இனி யாருக்கும் உதவக் கூடாது என்று கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டார்கள். நம்முடைய பெங்களூரு எச்.ஏ.எல். தொழிலாளர்கள் அந்தக் குப்பைக்குள் புகுந்து, ஒன்றின் இறக்கை, இன்னொன்றின் வால் என்று பொறுக்கிச் சேர்த்து, நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பறக்க வைத்தார்களாம். 1948 நவம்பரில் 5-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றை வைத்துத்தான் உருவானது. 1968 வரை அவை நம் விமானப்படையில் இருந்தன. பிறகு உலகத்திலேயே பறக்கும் நிலையில் இருந்த லிபரேட்டர் அருகிப்போக, பல நாட்டு அருங்காட்சியகங்கள் நம்மிடம் வந்து கேட்டன. இன்று லண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்பதே நாம் கொடுத்ததுதான். அவர்கள் உடைத்துப் போட்டதை ஒட்ட வைத்து அவர்களுக்கே கொடுத்திருக்கிறோம். கூட்டம் கைதட்டியது. நானும் பலமாகத் தட்டினேன்.

அதற்குப் பிறகுதான் உள்ளே உட்கார்ந்து பறந்த மனிதர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் விமானத்தில் ஏழு பேர். விமானி, வழி பார்க்கிறவர், எஞ்சினைக் கவனிக்கிறவர், வயர்லெஸ்காரர், குண்டு போடுகிறவர், முதுகில் ஒரு துப்பாக்கிக்காரர், வாலில் ஒரு துப்பாக்கிக்காரர். இந்த ஏழு பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. ராணுவம் என்றால் எல்லாம் மேலிருந்து உத்தரவு வரும் என்று நினைப்போம் இல்லையா? ஆனால் பயிற்சி முடிந்தவர்களை ஒரு பெரிய கொட்டகைக்குள் விட்டு, "நீங்களே பேசி, யார் யாரோட பறக்கிறதுன்னு சேர்ந்துக்கோங்க" என்று சொல்லிவிடுவார்களாம். ஒருவன் முகம் பிடித்திருக்கும், ஒருவன் நம்ம ஊர்க்காரனாக இருப்பான், ஒருவன் சும்மா சிரித்திருப்பான். அரைநாளில் குழு தயார். எஞ்சின் பார்க்கிறவர் மட்டும் பிறகு வந்து சேர்வார். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது நீங்கள் செய்ததுதான். வித்தியாசம் என்னவென்றால், இவர்கள் தேர்ந்தெடுத்தது கூடச் சாகப் போகிறவர்களை.

வாலில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றிச் சொன்னார். இவன் மட்டும் தன்னந்தனியாகக் கடைசியில். குளிர் மைனஸ் நாற்பது டிகிரி வரைக்கும் போகும். மின்சாரத்தில் சூடாகிற உடுப்பு வேலை செய்யாவிட்டால் விரல் விறைத்துவிடும். அவன் உட்காருகிற கூண்டு அவ்வளவு சின்னது. அதில் பாராசூட்டுக்கு இடமில்லை. அது அவன் முதுகுக்குப் பின்னால் கதவுக்கு அந்தப் பக்கம் தொங்கும். விமானம் தீப்பிடித்தால் கதவைத் திறந்து, அதை எடுத்து மாட்டி, பிறகு குதிக்க வேண்டும். எட்டு மணி நேரம் இருட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். வயசு இருபது, இருபத்தொன்று.

ஒருவர் முப்பது தடவை பறந்து வந்தால் ஒரு சுற்று முடியும், ஓய்வு கிடைக்கும். 1943-இல் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு விமானம் திரும்பி வராத காலம் இருந்தது. நான்குதானே என்று தோன்றும். கணக்கு வாத்தியாருக்குக் கை சும்மா இருக்குமா? அழைப்பிதழின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நூறில் நாலு போனால் 96. அதில் மறுபடி நூற்றுக்கு நாலு. கூட்டுவட்டியைத் தலைகீழாகப் போடுகிற கணக்கு. முப்பதாவது தடவை முடியும்போது மிஞ்சுவது 29. நூறு பேரில் இருபத்தொன்பது பேர். எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வகுப்பில் பத்து பேர் இருக்கிற ஒரு பெஞ்சு வரிசையில் மூன்று பேர்தான் மிச்சம்.

மொத்தக் கணக்கையும் அவரே சொன்னார். பிரிட்டிஷ் பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். செத்தவர்கள் 55,573. அத்தனை பேரும் தாங்களாக விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள். திரும்பி வராதவனின் பெட்டி படுக்கையை மறுநாள் காலையிலேயே ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சாயங்காலம் அந்தக் கட்டிலில் புதிதாக ஒருவன். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு பெயரை அடித்துவிட்டு அடியில் புதுப் பெயர் எழுதுவோமே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கேள்வி நேரம் வந்ததும் டாக்டரம்மா ஒருவர் எழுந்து, "மேலே போனவங்களைச் சொன்னீங்க. கீழே இருந்தவங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி. பேச்சாளர் மழுப்பவில்லை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரத்தில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல் செத்தார்கள், முக்கால்வாசிப் பேர் வீட்டில் இருந்த சாதாரண ஜனங்கள் என்றார். அதனால்தான் யுத்தம் முடிந்த பிறகு இவர்களைப் பற்றிப் பேசவே அந்த நாடு கூச்சப்பட்டது, லண்டனில் இவர்களுக்கு நினைவுச் சின்னம் 2012-இல்தான் வந்தது என்றார். "வீரம் இருந்தது நிஜம், கீழே குழந்தைகள் செத்தது நிஜம். நான் ரெண்டையும்தான் சொல்லுவேன். எதைக் கழிச்சுக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு எங்க ஆச்சி ஞாபகம். உறவுக்காரர்களுக்குத் தெரியும், தாத்தாவுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் கடை இருந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு மேல் குண்டு போட்டபோது ஆச்சியும், ஏழு வயதுப் பிள்ளையாக எங்க அப்பாவும் அங்கே இருந்தார்கள். "கட்டிலுக்கு அடியில கெடந்தோம். ஒங்க அப்பன் காதைப் பொத்திக்கிட்டே கெடந்தான்" என்பாள். அப்பா சாகும்வரை தீபாவளி வெடிச் சத்தத்துக்கு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாரமே தலைமன்னார் வந்து, கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். கடை போனது போனதுதான்.

ஆச்சி இன்னொன்றும் சொல்லுவாள். "கொழும்புல குதிரை ஓடுத மைதானத்துல பிளேனை ஓட்டுனாவ." ஆச்சி கதை விடுகிறாள் என்று நாங்கள் சிரிப்போம். அதை எழுந்து கேட்டுவிட்டேன். பேச்சாளர் முகம் மலர்ந்துவிட்டது. "உங்க ஆச்சி சொன்னது சத்தியம் சார்" என்றார்.

கொழும்பு குதிரைப் பந்தயத் திடலை அப்போது விமானதளமாக மாற்றியிருந்தார்கள். முதலில், ஏப்ரல் 4 அன்று, காலி பக்கத்துக் கொக்கல ஏரியிலிருந்து போன கனடாக்காரர்களின் கேட்டலினா கடல்விமானம் ஒன்று, இலங்கைக்குத் தெற்கே ஜப்பான் கப்பற்படை வருவதைப் பார்த்துவிட்டது. அதன் தலைவர் லெனார்ட் பர்ச்சால். தகவலை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு பிடிபட்டார்கள். கொழும்புக்கு முன்கூட்டியே தெரிந்தது அவர்களால்தான். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, அந்தக் குதிரைத் திடலிலிருந்து 11-ஆம் ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம் விமானங்கள் பதினொன்று கிளம்பின. இரண்டு எஞ்சின் கோளாறால் திரும்பிவிட்டன. மற்ற ஒன்பதும் அவ்வளவு பெரிய கப்பற்படையின் தலைக்கு மேல் போய் நின்றன. அகாகி என்ற விமானந்தாங்கிக் கப்பலைக் குறி பார்த்துக் குண்டு போட்டார்கள். கிட்டத்தில் விழுந்தது, ஒன்றும் படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. ஒரு விமானத்துக்கு மூன்று பேர். ஐந்து மூன்று பதினைந்து.

என் ஆச்சி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த அதே வாரம், ஒரு மைல் இரண்டு மைல் தள்ளி இந்தப் பையன்கள் கிளம்பிப் போயிருக்கிறார்கள். எழுபது வருஷமாக எங்கள் வீட்டில் பேசிய கதையின் மறுபாதி பாளையங்கோட்டையில் எனக்குக் கிடைத்தது.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். இன்னொருவர் எழுந்து, "பயந்து போய் வர மாட்டேன்னு சொன்னவங்களும் இருந்திருப்பாங்களே, அவங்களை என்ன பண்ணினாங்க?" என்று கேட்டார்.

இருந்தார்கள் என்றார் பேச்சாளர். அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எல்.எம்.எஃப். லேக் ஆஃப் மாரல் ஃபைபர். நம் பாஷையில் சொன்னால் நெஞ்சுரம் இல்லாதவன். கோப்பில் அதை எழுதி, சட்டையில் இருந்த இறக்கைச் சின்னத்தைப் பிடுங்கிவிட்டு, மற்றவர்கள் கண்ணில் படாமல் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பத்துப் பதினைந்து தடவை பறந்துவிட்டு வந்தவனுக்கும் இதுதான். பக்கத்தில் இருந்தவன் செத்ததைப் பார்த்துவிட்டு, செத்தவனின் ரத்தத்தைக் கழுவிவிட்டு, மறுபடி ஏறிப் பறந்து, ஒருநாள் காலையில் கால் எழவில்லை என்றால், அவன் அதுவரைக்கும் போய் வந்ததெல்லாம் கணக்கில் வராது. அந்த மூன்று எழுத்துதான் மிஞ்சும்.

சர்ச்சிலுக்கு வைத்தியம் பார்த்த மோரன் பிரபு, 1945-இல் தைரியத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாராம். தைரியம் பாங்கில் போட்ட பணம் மாதிரி, எடுக்க எடுக்கக் குறையும், ஒருநாள் தீர்ந்தும் போகும் என்பது அவர் கருத்து. "தீர்ந்து போனவனைப் பார்த்து, உன்கிட்ட எப்பவுமே பணம் இல்லன்னு சொன்னா அது நியாயமா?" என்று கேட்டார் பேச்சாளர். எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1992-93 செட், உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அப்போது நான் ஒரு ஆற்றங்கரை ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வாத்தியார். வெள்ளம் வடிந்து பள்ளி திறந்த அன்று, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னப் பிள்ளைகள் கட்டடத்தில் சேறு அள்ளுவதற்கு எட்டாம் வகுப்புப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனேன். தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஒருவன் மட்டும் கரையிலேயே நின்றான். கூப்பிட்டேன், வரவில்லை. அதட்டினேன், அசையவில்லை. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"ஏலே, முழங்கால் தண்ணிக்குப் பயந்தவனா நீ? போ, ஒண்ணாப்புப் பிள்ளைகளோட போய் உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அவனுக்கு 'முழங்கால்' என்று பெயர் வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து அவன் அம்மா பள்ளி வாசலில் என்னைப் பார்த்து, "சார், அவனை ஏசாதிய. பய தண்ணியைக் கண்டாலே நடுங்குதான்" என்று நடந்ததைச் சொன்னார். வெள்ளம் வந்த இரவு அவன் அப்பா ஊரில் இல்லை. அவனும் அவன் மாமாவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் நான்கு தடவை போய் வந்திருக்கிறார்கள். பாட்டி, இரண்டு தங்கச்சிகள், அடுத்த வீட்டுக் கைக்குழந்தை என்று ஒவ்வொருவராகக் கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் ஏற்றியிருக்கிறான். ஐந்தாவது தடவை ஆட்டுக்குட்டியை அவிழ்க்கப் போனபோது கயிறு கைவிட்டுப் போய், தண்ணீர் இழுத்து, ஒரு மருத மரத்தில் மாட்டி விடியும்வரை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். பதின்மூன்று வயது.

அதைக் கேட்ட பிறகு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அம்மாவிடம் "சரிம்மா, பாத்துக்கிடுதேன்" என்றேன். அவனை அதற்குப் பிறகு ஏசியதில்லை. ஆனால் சிரிக்க வைத்த அதே வகுப்பின் முன்னால் நின்று, "நான் சொன்னது தப்பு, இவன் இன்னது செய்தவன்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாத்தியார் தப்பை ஒத்துக்கொண்டால் வகுப்பு கைக்குள் அடங்காது என்று நினைத்தேன். முப்பத்து நான்கு வயசுத் திமிர், வேறென்ன? அவன் அந்தப் பெயரோடு எட்டாம் வகுப்பை முடித்து, அந்தப் பெயரோடு ஊரை விட்டுப் போனான்.

ஆறு மாதத்துக்கு முன் உங்கள் செட்டில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தேனே, அவனும் வந்திருந்தான். தலையெல்லாம் நரைத்துவிட்டது. பந்தியில் யாரோ, "ஏ முழங்கால், இங்க இடம் இருக்கு" என்று கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். வாட்ஸ்அப் குழுவிலும் அந்தப் பெயர்தான் ஓடுகிறது. கூப்பிடுகிறவர்கள் பாசத்தில்தான் கூப்பிடுகிறீர்கள், எனக்குத் தெரியும். அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தது நான்.

கூட்டம் முடிந்த மறுநாள் அவன் நம்பரை வாங்கிப் பேசினேன். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ சார், அதெல்லாம் சின்ன வயசு சங்கதி, விடுங்க" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அம்மா உங்ககிட்ட சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும் சார். நீங்க வகுப்புல ஏதாவது சொல்லுவீங்கன்னு ரெண்டு மூணு நாள் பாத்தேன்."

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வகுப்பில் சொல்ல வேண்டியதை இப்போது எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரு போடாம எழுதுங்க சார்" என்றான். அதனால் போடவில்லை. அவன் யார் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம்.

1992-93 எட்டாம் வகுப்பு, இது உங்கள் வாத்தியார் தாமதமாக எடுக்கிற பாடம். அன்று தரைப்பாலத்தில் இறங்கிய முப்பது பேரில், என்னையும் சேர்த்துச் சொல்கிறேன், அவன் அளவுக்குத் தண்ணீரில் நின்றவர் ஒருவரும் கிடையாது. நான் சொன்னது தப்பு. உங்களிடம் கேட்பது இதுதான். அந்தப் பெயரை இனிமேல் கூப்பிடாதீர்கள். அவனுக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் இருக்கிறது. குழுவில் அவன் நம்பரை அந்தப் பெயரில் பதிந்து வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். தயவுசெய்து போன் போட்டு அவனிடம் துக்கம் விசாரிப்பது போல் பேச வேண்டாம். சாதாரணமாகப் பேசுங்கள், போதும்.

உங்களில் பதினான்கு பேர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்திருக்கிறேன். நான் வேறு யாருக்காவது இப்படி ஏதாவது பெயர் வைத்து, எனக்கே மறந்து போயிருந்தால், தயங்காமல் எனக்குத் தனியாக எழுதுங்கள். போனில் சொன்னாலும் சரி. காலையில் பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அடுத்த மாதம் ரோட்டரியில் சர்க்கரை நோய் பற்றிப் பேச்சாம். வீட்டம்மா என்னைக் கட்டாயம் போகச் சொல்லிவிட்டாள்.

எல்லோரும் நல்லா இருங்க.